ஒன்றுக்கு மிக அருகில்

அந்த மன்றத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் அவள் வாசல் கூண்டில் உட்கார்ந்து நுழைவுச்சீட்டு கிழித்துக் கொடுப்பவளாகத்தான் இருந்தாள். ஒருநாள் மேடையில் யாரோ பெரிய மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போது மைக் ஊளையிட ஆரம்பித்தது. சவுண்டுக்காரரோ வெளியே வண்டி நிறுத்துவது பற்றி யாருடனோ வாய்ச்சண்டையில் இருந்தார். சபை முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. அவள் கூண்டை விட்டு ஓடிவந்து, மாடியில் இருந்த கண்ணாடி அறைக்குள் புகுந்து, சவுண்ட் பலகையில் எந்தக் கட்டையை இழுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே வாரலாகக் கீழே வாரிவிட்டாள். ஊளை நின்றது. பெரிய மனிதரின் பேச்சும் சேர்ந்து நின்றது. சபை கைதட்டியது.

"கைதட்டினது ரெண்டுக்கும் சேர்த்துத்தான்" என்று அவள் கணவர் பல வருடம் சொல்லிச் சிரித்தார்.

சவுண்டுக்காரர் கோபித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போனபோது கண்ணாடி அறை அவளுடையதாயிற்று. அவள் அதைக் கற்றுக்கொண்டது கையால்தான். ஒயர் சுற்றும்போது முறுக்கு விழாமல் சுற்றுவது, பேசுகிறவர் மைக்கை விழுங்குகிறவரா, மைக்கைக் கண்டு ஓடுகிறவரா என்று நடந்து வரும் விதத்திலேயே கண்டுகொள்வது, எல்லாம் வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது, நிகழ்ச்சிக்கு முந்தைய மதியங்களில் காலி மன்றத்தைப் பாடவிடுவது. மைக்கில் போவது ஸ்பீக்கரில் வரும். ஸ்பீக்கரில் வருவதில் கொஞ்சம் திரும்ப மைக்குக்குள் போகும். மேலும் கீழும் நகரும் அந்தக் கட்டையை, ஃபேடரை, மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்துக்கு அருகில் மன்றம் தானாக முனக ஆரம்பிக்கும். அந்தச் சுரத்தைக் கண்டுபிடித்துக் குறைத்துவிட்டு, ஃபேடரையும் கொஞ்சம் இறக்கி வைத்தால் நிகழ்ச்சியில் ஊளை வராது. ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு சுரம் உண்டு. இந்த மன்றத்தின் சுரம், காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி ஓர் 'ஊ'.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். இரண்டு வயது மூத்தவள், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. முகத்தில் இருவருக்கும் ஒற்றுமை கிடையாது. குரல் மட்டும் ஒன்று. போனில் பெற்ற தாயே ஏமாந்து, பெரியவளிடம் சொல்ல வேண்டிய ரகசியத்தைச் சின்னவளிடம் கொட்டியிருக்கிறாள். ஆனால் சின்னவளுக்கு மட்டும் அந்த ஒற்றுமை ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. தன் குரல் தனக்குள்ளிருந்து கேட்கிறது, அடுத்தவர் குரல் வெளியிலிருந்து கேட்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகத் தோன்றும்?

ஒரு திங்கட்கிழமை தலைவலி என்று படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் தெரிந்தது, அக்காவின் குரல் எங்கேயுமே மிச்சம் இல்லை. "வாய்ஸ் மெசேஜா? அது பேச ஆள் கிடைக்காதவங்களுக்கு" என்று சொல்கிற ரகம் அவள். அலைபேசியில் ஒன்றும் இல்லை. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருந்தார். அக்கா வாயைத் திறந்து எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். வாயிலிருந்து நாதஸ்வரம் வருகிறது. அக்கா புருஷன் பார்த்தது பார்த்தபடி டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசாதவர். வீட்டில் இருவருக்கும் சேர்த்து அக்காதான் பேசிக்கொண்டிருந்தாள்.

மைக்கம்மா வேலைக்குத் திரும்பியது ஏதோ சங்கத்தின் கூட்டத்துக்கு முந்தைய நாள். மதியம், மன்றத்தில் யாரும் இல்லை. மேலே சாளரங்களின் வழியாக விழுந்த வெளிச்சத்தில் காலி நாற்காலிகளின் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. மைக்கை மேடையில் நிறுத்திவிட்டு, கண்ணாடி அறைக்கு வந்து ஃபேடரை வழக்கமான இடத்தில் வைத்தாள். திரும்ப மேடைக்குப் போய்ச் சொன்னாள்.

"ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அன்று ஃபேடர் ஒரு மயிரிழை கூடுதலாக இருந்திருக்க வேண்டும். மன்றம் அவள் சொன்னதை வாங்கிக்கொண்டு, உடனே விடாமல், பின்வரிசையிலிருந்து மெதுவாகத் திருப்பிச் சொன்னது. "மூணு... ணு... ணு..."

அது அவளுடைய குரல் இல்லை. அக்காவின் குரல்.

அவளுக்கு முதுகில் சில்லென்று ஏறியது. "யாரு?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தன் மடத்தனம் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து அக்கா பொறுமையாகக் கேட்டாள்: "யாரு... ரு... ரு..."

அன்று ஃபேடரை இறக்கிவிட்டு நேராக வீட்டுக்குப் போனாள். ஆனால் மறுவாரம் மன்றம் காலியாக இருந்த ஒரு மதியத்தில், வேலை ஒன்றும் இல்லாமலேயே கண்ணாடி அறையைத் திறந்தாள். ஃபேடரை ஏற்றினாள். மேடையில் நின்று, அக்கா கேட்பது போல, "சாப்டியா?" என்று கேட்டாள். அடுத்த நொடி மன்றம் அவளைக் கேட்டது. சாப்டியா. வருடக்கணக்காகத் தினம் மதியம் போனில் கேட்ட அதே இழுப்பு. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் இல்லக்கா" என்றாள். "இல்லக்கா... க்கா... கா..." என்றது மன்றம், அக்கா யாரையோ அக்கா என்று கூப்பிடுவது போல. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள்.

ஃபேடரை இன்னும் துளி ஏற்றினால் குரல் இன்னும் நீண்ட நேரம் நின்றது. ஆனால் அதில் ஒரு சங்கடம். நிற்க நிற்கச் சொல் தேய்ந்தது. 'சாப்டியா' என்பதில் முதலில் மெய்யெழுத்துகள் போயின. ஆ, இ, ஆ என்று உயிர் மட்டும் மிதந்தது. பிறகு அந்த உயிரும் ஒன்றோடொன்று கலங்கி, கடைசியில் 'ஊ' மட்டும். அது அக்காவும் இல்லை, அவளும் இல்லை. மன்றம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் வீட்டுக்குப் போய்ச் சமையல் செய்து வைத்துவிட்டு வருவது அவள் வழக்கமாகியிருந்தது. அப்படிப் போன ஒருநாள், விடைத்தாள் கட்டோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். ஃபேடர ஏத்த ஏத்த ஓசை கொஞ்சம் கொஞ்சமாத்தானே கூடணும்? ஒரு இடத்துக்குக் கிட்ட போனதும் ஏன் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆகுது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாவு வீட்டுக்குப் பிறகு அவர் கண்ணில் எதையோ பார்க்கிற பார்வை வந்தது அப்போதுதான். கையில் இருந்த காகிதத்தைப் பின்பக்கம் திருப்பினார்.

"நீ ஒரு தடவ பேசறே. அது சுத்தி வந்து மறுபடி மைக்குக்குள்ள போறப்ப எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

"அது ஃபேடரப் பொறுத்து."

"பாதின்னு வெச்சுக்கோ. ஒண்ணு. அப்புறம் அதுல பாதி. அதுலயும் பாதி. கூட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்?"

"முடிவே இல்லாமப் போகும்."

"முடிவு இல்ல. ஆனா ரெண்டத் தாண்டாது. ரெண்டுக்கு எவ்வளவு கிட்ட வேணும்னு நீ சொல்லு, அவ்வளவு கிட்ட அது வந்துடும். அதத்தான் எல்லைன்னு சொல்றோம்." அவர் எழுதிக்கொண்டே போனார். "பாதி திரும்பினா ரெண்டு. பத்துல ஒம்பது பங்கு திரும்பினா பத்து. நூத்துல தொண்ணூத்தொம்பது திரும்பினா நூறு."

"ஆயிரத்துல ஒண்ணு மட்டும் கொறஞ்சா ஆயிரம்" என்று அவளே முடித்தாள்.

"அதேதான். ஃபேடர் நகர்ந்தது ஒரு மயிரிழை. ஓசை பத்து மடங்கு."

"ஒண்ணுமே கொறயாம முழுசாத் திரும்பி வந்துட்டா?"

"ஒண்ணுலேர்ந்து திரும்பற பங்கக் கழிச்சு, அதால ஒண்ண வகுத்தா இந்த விடையெல்லாம் வருது. முழுசாத் திரும்பினா ஒண்ணுலேர்ந்து ஒண்ணு போயி கீழ பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்க முடியாது. அந்த எடத்துல விடையே கெடையாது. பசங்க முடிவிலின்னு எழுதுவாங்க. அது எண் இல்ல, போற தெசைக்குப் பேரு." அவர் வளைகோடு ஒன்றை வரைந்தார். தரையோடு சாதுவாக வந்துகொண்டிருந்தது, ஓர் இடத்தில் தலை தூக்கிச் செங்குத்தாக ஏறியது. அதன் பக்கத்தில் புள்ளி புள்ளியாக நேர்க்கோடு போட்டார். "இதுக்குப் பேரு நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு. வளைவு இதுக்குக் கிட்ட வந்துக்கிட்டே இருக்கும். தொடாது. எவ்வளவு கிட்ட வருதோ அவ்வளவு மேல போயிடும்."

"கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அந்தப் பக்கமும் வளைவு இருக்கு. பாதாளத்துலேர்ந்து ஏறி வரும். ஒன்றரைன்னு போட்டா மைனஸ் ரெண்டுன்னு விடை சொல்லும். ஆனா அது சும்மா வாய்பாடு சொல்றது. ஒன் மன்றத்துக்குப் பொருந்தாது."

"எங்க மன்றத்துல அந்தப் பக்கம் போனா ஸ்பீக்கர் செத்துடும்" என்றாள் அவள்.

செத்துடும் என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்த மௌனம் தாங்காமல்தான் அவள் மற்றதையும் சொன்னாள். மன்றம் யார் குரலில் திரும்பப் பேசுகிறது என்பதை.

அவர் புள்ளிக்கோட்டின் மேல் பேனாவை வைத்து இன்னொரு தடவை இழுத்தார். பிறகு கேட்டார்.

"நான் ஒரு தடவ வந்து கேக்கலாமாம்மா?"

அவர் வந்தார். நடுவரிசையில் ஒரு நாற்காலியில், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஏன் கழற்றினார் என்று அவள் கேட்கவில்லை. ஃபேடரை வைத்துவிட்டு மேடைக்கு வந்து, "சாப்டியா?" என்றாள். பின்வரிசையிலிருந்து அது வந்து அவரைத் தாண்டிப் போனது. அவர் தலையைத் திருப்பவில்லை. முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் ஆடின.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "சில சார்புல, அதாவது ஃபங்ஷன்ல, ஒரே ஒரு புள்ளியில மட்டும் விடை காணாமப் போயிருக்கும். ஆனா இந்தப் பக்கத்துலேர்ந்தும் அந்தப் பக்கத்துலேர்ந்தும் கிட்ட வந்து பாத்தா, அங்க என்ன இருந்திருக்கணும்னு தெளிவாத் தெரியும். அது வெறும் ஓட்டை. அடச்சிடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "இதுவும் அப்படித்தான்ம்மா" என்றார்.

அவளுக்கு அது ஆறுதலாகவே பட்டது.

அதன்பின் மன்றம் காலியாக இருக்கும் மதியங்களில் அவர் வந்தார். முதலில் கேட்டுவிட்டு மட்டும் போனார். பிறகு சொற்களைக் கொண்டுவந்தார். "கதவ சாத்தியாச்சான்னு சொல்லேன்." "மழ வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லேன்." அவள் சொல்வாள், மன்றம் சொல்லும். அவர் மன்றம் சொல்வதை மட்டும் கேட்பார். அவள் வாயைத் திறக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வதை ஒருநாள் கவனித்தாள். தான் பேசுவது அவருக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று புரிந்தது. நெஞ்சில் முள் குத்தியது போல இருந்தது. ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை. அவளுக்கும் அது வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்து" என்பார் ஒவ்வொரு முறையும்.

"ஏத்தினா சொல்லு போயிடும் அத்தான். வெறும் ஊ-தான் மிஞ்சும்."

"கொஞ்சந்தான். கிட்டத்தானே போறோம்?"

வெறும் காற்றாடி ஓசையும் நாற்காலி முனகலும்கூட இப்போது மன்றத்தில் தங்க ஆரம்பித்தன. ஒருநாள் இருவரும் பேசாமல் இருந்தபோது யாரோ மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. நிதானமான, தூங்குகிறவரின் மூச்சு. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது நிற்கவில்லை. வரிசை வரிசையாக, நாற்காலிகளுக்கு ஊடே, மூச்சு உலாவியது. சற்று முன் தான் விட்ட மூச்சைத்தான் மன்றம் வைத்துக்கொண்டு விளையாடுகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நாற்காலிகளில் யாராவது இருக்கிறார்களா என்று வரிசை வரிசையாகப் பார்த்தாள். அத்தான் புன்னகையோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கணவரிடம், "இனிமே அத்தான வரவேணாம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டாள். அவர் அச்சகத்தில் வேலை செய்பவர், எதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்பவர். அன்று வேடிக்கை பேசவில்லை. "சீக்கிரம் சொல்லிடு. கொஞ்ச நாளா நீ தூக்கத்துல ஊன்னு முனகறே" என்றார்.

அடுத்த முறை அத்தான் வந்தபோது சொல்லிவிடத்தான் இருந்தாள். அவர் கீழே உட்காரவில்லை. கண்ணாடி அறை வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்கு நீ மேடையில நில்லு. ஃபேடர நான் பாத்துக்கறேன். ஒவ்வொரு தடவையும் மாடிக்கும் மேடைக்கும் ஓடறே, பாவம்."

"ஊளை விட்டுதுன்னா?"

"எனக்குத் தெரியாதா? இருவது வருஷமா அந்தக் கோட்டத்தான் போர்டுல போட்டுக்கிட்டிருக்கேன். அதுக்கு இந்தப் பக்கமேதான் நிப்பேன்."

கடைசித் தடவை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அவள் மேடைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் உருவம் மட்டும் தெரிந்தது. கையைக் குவித்துக் கீழே கூப்பிட்டார்.

"என்னங்கன்னு சொல்லு."

அவள் தயங்கினாள். அது அக்கா அவரைக் கூப்பிடும் சொல். தன் கணவரைத் தவிர வேறு யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வேணாம் அத்தான்."

"ஒரே ஒரு தடவம்மா."

அவள் சொன்னாள்.

"என்னங்க."

"என்னங்க... ங்க... ங்க..." மன்றம் அதை வாங்கிக்கொண்டது. அத்தனை தெளிவாக அது என்றுமே சொன்னதில்லை. அக்கா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வருவது போல, ஒவ்வொரு வரிசையாக நெருங்கி வந்தாள். தேயவேண்டிய நேரத்தில் தேயவில்லை. அதே உயரத்தில் நின்றது. பிறகு ஏற ஆரம்பித்தது.

அவள் மாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை நகர்ந்துகொண்டிருந்தது.

மெய் போனது. உயிர் போனது. 'ஊ' வந்தது. ஆனால் அவள் தெரிந்து வைத்திருந்த 'ஊ' இல்லை. காதில் கேட்பது என்ற நிலையைத் தாண்டி, பல்லிலும் விலாவிலும் கண்ணுக்குப் பின்னாலும் இருந்தது. கூரையிலிருந்து பழைய தூசி கோடு கோடாக இறங்கியது. காலி நாற்காலிகள் உட்கார்ந்து எழுவது போல் தடதடத்தன. அவள் கத்தினாள். தன் தொண்டை அதிர்வது தெரிந்தது, குரல் எங்கேயும் இல்லை. அந்த ஓசைக்குள் அவள் குரலுக்கு இடம் இல்லை, அக்காவுக்கு இடம் இல்லை, எவருக்கும் இல்லை. மேலே அவர் ஃபேடரில் கைவைத்தபடி, வாய் லேசாகத் திறந்து, யாரோ பேசுவதைக் கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்து நின்றார்.

அவள் குனிந்து மைக்கின் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

ஓசை அறுந்தது. அதன் வால் மட்டும் கூரையைச் சுற்றிவிட்டு இறங்கி, நாற்காலிகளுக்குள் போய் அடங்கியது. வலதுபக்க ஸ்பீக்கரிலிருந்து கருகிய வாடை வந்தது.

அவர் படி இறங்கி வந்தார். இடது காதைக் கையால் பொத்தியிருந்தார். முகம் அமைதியாக இருந்தது.

"கேட்டியா?" என்றார் சத்தமாக.

"என்னத்த?"

"கடைசியில. நீ புடுங்கறதுக்கு முன்னாடி. போதுங்கன்னு சொன்னா."

அவள் பிடுங்கிய ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். தான் கத்தியது நினைவிருந்தது. என்ன கத்தினோம் என்பது எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிற்பாடும் வரவில்லை.

மேலாளரிடம் ஸ்பீக்கர் போனது தன் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு வாங்கி மாட்டினார். அத்தான் காதுக்கு மருத்துவரிடம் காட்டினார்கள். வலது காது தேறியது. இடது காதில் நிற்காமல் ஓர் ஓசை இருக்கிறது என்று சொன்னார். என்ன ஓசை என்று மருத்துவர் கேட்டார். அத்தான் உதடு குவித்து ஊதிக் காட்டினார். பக்கத்தில் நின்றிருந்த மைக்கம்மா அடையாளம் கண்டுகொண்டாள். துளி பிசகாமல் அது மன்றத்தின் சுரம்.

அவர் மன்றத்துக்கு வரவில்லை. பதிலாக போன் வந்தது. முதலில் ஏதாவது காரணம் இருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தான், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று. வாரத்துக்கு ஒரு தடவை வந்தது தினமும் ஆனது. பேச்சு நீண்டது. பிறகு காரணம் உதிர்ந்துபோனது. "நீ சும்மா பேசிக்கிட்டிரும்மா, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். அவள் பேசினால் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. நிதானமான மூச்சு. தான் என்ன சொல்கிறோம் என்பது அவர் காதில் ஏறவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் வேண்டுமென்றே, "அத்தான், எனக்குக் காய்ச்சல்" என்று சொல்லிப் பார்த்தாள். "ம்" என்றார். குரல் நிறைந்திருந்தது, திருப்தியாக இருந்தது.

அந்த 'ம்'தான் அவளை உலுக்கியது. மன்றத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டது போலவே இங்கேயும் மூடியிருக்கிறார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வருகிறார். இந்த முறை கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பது ஸ்பீக்கர் இல்லை, தான்.

ஞாயிற்றுக்கிழமை போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தான், நான் அவ இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா போன்ல காய்ச்சல்னு சொன்னப்ப என்ன ஏதுன்னு கேட்டிருப்பீங்க."

அவர் முகம் வெளிறியது. "காய்ச்சலா? எப்ப?"

அவர் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தார், வைத்தார். பிறகு, வகுப்பில் பேசுவது போல நிதானமாக, ஆனால் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"நான் ஓட்டைன்னு நெனச்சேன். ஒன்ன மாதிரி, இந்த வீடு மாதிரி, அவளச் சுத்தி இருந்த எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் கிட்டக் கிட்டக் கொண்டுவந்து வெச்சா, நடுவுல அவ எங்க இருந்தான்னு தெரியும், அடச்சிடலாம்னு. இது அது இல்லம்மா. கிட்ட போகப் போக, கிட்ட இருக்கறதே நாசமாகுது. அன்னிக்கு அங்க நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கைய எடுக்கல."

"ஏன்?"

"எடுக்கத் தோணல." பேனாவை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அவர் சொன்ன விதத்தில் அவளுக்கு மறுபடியும் முதுகு சில்லிட்டது.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். திரும்பாமலே சொன்னாள். "போன் பண்ணுங்க. நான் பேசறேன். ஆனா என் கதையத்தான் பேசுவேன். எங்க மேனேஜரத் திட்டுவேன், மூட்டு வலியச் சொல்லுவேன். நடுவுல கேள்வி கேப்பேன். பதில் சொல்லலன்னா வெச்சுடுவேன்."

அப்படியே செய்தாள். இரண்டு மூன்று முறை பாதியில் வைத்தும் விட்டாள். ஒருநாள் அவர், "ஒங்க மேனேஜர் சொன்னதுலயும் ஞாயம் இருக்கே" என்று அவளிடம் சண்டைக்கு வந்தார். போனை வைத்ததும் அவள் கணவரிடம், "அத்தான் பொழச்சுட்டார்" என்றாள். போன் மறுபடி வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்தது.

அவர் இன்னும் வகுப்பு எடுக்கிறார். மாணவர்கள் வலது பக்கத்தில் நின்றுதான் சந்தேகம் கேட்க வேண்டும். மன்றத்தில் நாற்காலிகளுக்கு மெத்தையும் சுவரெல்லாம் கனத்த திரையும் போட்டுவிட்டார்கள். அதன்பின் மைக்கம்மா அதைப் பாடவிட்டபோது வேறொரு சுரம் வந்தது. மெல்லிய, அறிமுகம் இல்லாத சுரம். சோதனைக்கு அவள் இப்போது சொல் எதுவும் சொல்வதில்லை. கைதட்டுவதோடு சரி.

சென்ற மாதம் அவளுடைய அலைபேசி பழுதாகி, வேறோர் எண்ணிலிருந்து அவருக்குப் பேச வேண்டிவந்தது. அவர் எடுத்தார்.

"ஹலோ" என்றாள் அவள்.

"ஹலோ, யாரு பேசறது?" என்றார் அவர். மரியாதையாக, முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. அக்காவா தங்கையா என்று குழம்பியிருக்கிறார், யார் என்று கேட்டதில்லை. தன் குரலில் அவருக்கு அக்கா கேட்காமல் போனால் நிம்மதியாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனது போலிருந்தது. அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

"யாருங்க?" என்றார் மறுபடியும்.

"நான்தான் அத்தான்" என்றாள். "சின்னவ."